பொய் கலக்காத பாட்டுக்காரர்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாராவது செத்துப்போனால், மாலை வருகிறதோ இல்லையோ, அவர் வந்துவிடுவார். தலையில் கௌபாய் தொப்பி, காலில் முழங்கால் வரை ஏறிய பூட்ஸ். அந்த வேகாத வெயிலில் அதை எப்படித்தான் மாட்டிக்கொண்டு திரிந்தாரோ. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். அங்கே யார் அதிகமாக அழுகிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பார். அழுகிறவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆறுதல் சொல்ல மாட்டார், தோளைத் தொட மாட்டார். விரல்கள் மட்டும் தொடைமேல் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். விரல் சட்டென்று நின்றால் தீர்ந்தது. அழுகிறவர் வாயிலிருந்து விழுந்த ஏதோ ஒரு வரி அவருக்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தம்.

அவர் கன்ட்ரி பாட்டு எழுதுகிறவர். தமிழில் கன்ட்ரி பாட்டா என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் கித்தார் பிடிக்கத் தெரிந்த அங்கிள்களில் பாதிப் பேர் எங்கோ அமெரிக்காவில் மாடு மேய்த்தவனின் சோகத்தைத் தம் சோகமாக நினைத்துப் பாடி வளர்ந்தவர்கள்தான். இவர் ஒரு படி மேலே போனார். குதிரையை இறக்கிவிட்டு கன்டெய்னர் லோரியை ஏற்றினார். பாலைவனம் இருந்த இடத்தில் செம்பனைக் காட்டை வைத்தார். வார நாளில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கிராணி, குமாஸ்தா வேலை. சனிக்கிழமை ஆனால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிஸ்ட்ரோவில் மைக் முன்னால் நிற்பார்.

நான் ‘அவர்’ என்று எழுதுகிறேன், வளர்ந்த விதம் அப்படி. என் அக்கா ‘அவன்’ என்றுதான் சொல்வாள். அவள் சொல்வதுதான் சரி.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தன் பாட்டில் பொய் கிடையாது என்பார். “பால்காரன் தண்ணி ஊத்துற மாதிரி பாட்டுல பொய் ஊத்துறவன் நான் இல்ல லா. ஜனங்க வாயில இருந்து வந்தது அப்படியே இருக்கும். ஒரு சொல்லு நான் சேர்க்க மாட்டேன்.” இதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார். கேட்கிறவர்களுக்கு அவர் ஏதோ பெரிய தியாகம் செய்வதுபோல் இருக்கும்.

ஒரு வருஷம் மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அவரை அழைத்துவிட்டார். ‘கன்ட்ரி பாட்டு’ என்றால் தேசத்தைப் பற்றிய பாட்டு என்று தலைவர் நினைத்துக்கொண்டார். “நம்ம நாட்டப் பத்தி உணர்ச்சியா நாலு பாட்டு பாடுங்க பிரதர்” என்று தலைவர் கேட்டார். இவர் திருத்தவும் இல்லை. அன்றைக்கு எல்லார் கையிலும் சின்னக் கொடி. இவர் மேடையேறி, காஸ் சிலிண்டர் போட வந்தவனோடு பெண்டாட்டி போய்விட்ட ஒருவனைப் பற்றிப் பாடினார். ‘சிலிண்டர் ஒண்ணு ஆர்டர் பண்ணேன், வந்து சேந்துச்சு, வீட்ட ஒண்ணு நம்பி வச்சேன், காலியாச்சு’ என்று ஆரம்பிக்கும். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த மனுஷர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். காஸ் வந்தது, பெண்டாட்டி போய்விட்டாள் என்று அவரே அதற்கு முந்தின மாதம் கோப்பிக் கடையில் புலம்பிய புலம்பல் அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையில் இருந்த கொடியைப் பாட்டு முடியும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கம்போங் மேடானில் ஒரு அங்கிளுக்கு ஃபேக்டரி மெஷினில் இடது கை விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் மனைவியிடம் கேட்டது, “இனிமே மோதிரத்த எங்க போடுறது?” பக்கத்தில் நம் பாட்டுக்காரர் இருந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போயிருந்தார். அந்தப் பாட்டு வந்த பிறகு அந்த அங்கிளுக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. ‘மோதிர அங்கிள்’ என்றால்தான் தெரியும். பிஸ்ட்ரோவில் அந்தப் பாட்டு வரும்போது அவர் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டுவார். யாராவது ஒரு பீர் வாங்கிக் கொடுப்பார்கள். அவரைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறாரா, உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குப் புரியாது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டுகள் நல்ல பாட்டுகள். அதுதான் வயிற்றெரிச்சல். நானும் கைதட்டியிருக்கிறேன், காரில் போட்டுக் கேட்டு அழுதும் இருக்கிறேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர் பிடுங்குவது ஒரு வரிதானே, போனால் போகிறது என்று நினைத்தோம். எங்கள் வீடு எரியும்வரை அப்படித்தான் நினைத்தோம்.

அத்தான் என் அக்காவை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுபாங் ஜெயாவில் வேறொரு பெண் இருந்தாள். அது அக்காவுக்கும் தெரியும். நான் அப்போது அக்கா வீட்டில் தங்கி ஒரு பல் கிளினிக்குக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தானின் கார் வர்க்‌ஷாப்பில் கிடந்தது. பெட்டிகளை ஏற்றிப்போகக் கூட்டாளியை வேனோடு வரச் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டாளி நம் பாட்டுக்காரர்தான்.

அக்கா அன்று காலையில்தான் பாசாருக்குப் போய் நண்டு வாங்கி வந்திருந்தாள். அத்தான் அன்றைக்கே கிளம்புவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அக்கா சண்டை போடவில்லை, காலைக் கட்டிக்கொள்ளவில்லை. கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து, அவர் முதுகைப் பார்த்து, “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் சொன்ன வார்த்தை. நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. போய் வேனில் ஏறிக்கொண்டார்.

அடுத்த பெட்டியை எடுக்கப் பாட்டுக்காரர் உள்ளே வந்தார். சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். சோறு, நண்டுக் கறி, ரசம், பொரித்த அப்பளம். தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார்.

“வேஸ்ட் பண்ணக் கூடாது தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அப்படியே நின்றாள். அப்புறம் தட்டை எடுத்து வைத்தாள். வந்தவர் உட்கார்ந்துவிட்டால் போடாமல் இருக்க முடியுமா? அவர் நண்டின் காலைப் பல்லால் உடைத்து, ஓட்டை உறிஞ்சி, சோற்றைப் பிசைந்து நன்றாகவே சாப்பிட்டார். வெளியே அத்தான் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். இவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். நான்தான் மறுபடி சோறு போட்டேன். இடது கை விரல்கள் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தன. அது என் கண்ணில் பட்டது, ஆனால் அன்றைக்கு இருந்த நிலையில் உறைக்கவில்லை. கை கழுவிவிட்டு, “கறி கிளாஸ் தங்கச்சி. புளிதான் கொஞ்சம் தூக்கல்” என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றிரண்டு மாதத்தில் பாட்டு வந்தது.

‘பெட்டியத் தூக்கிட்ட, சாவிய வச்சிட்ட,
பின்னாடி திரும்பிப் பாக்க மனசில்ல உனக்கு;
சாப்பிட்டுட்டுப் போ மச்சான், சாப்பிட்டுட்டுப் போ,
நண்டுக் கறி அடுப்புல இன்னும் சூடா இருக்கு.’

பிரிக்பீல்ட்ஸில் அவர் முதல்தடவை பாடியபோது ஆம்பளைகள் எல்லாம் அழுதார்களாம். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அப்புறம் அது கிள்ளானிலிருந்து காஜாங் வரைக்கும் எல்லார் போனிலும் ஏறியது. கல்யாண மண்டபத்தில் பந்தி போடும்போது அதையே ஒலிபெருக்கியில் விட்டார்கள். கடைசி மூன்று வரியில் காலியான ஒரு நாற்காலி வரும், யாரும் தொடாத ஒரு தட்டு வரும். கல்லும் கரைந்துவிடும், அப்படி எழுதியிருந்தார்.

அக்கா முதலில் கேட்டபோது கோபப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். “நான் எப்போடி அவர ‘போ’ன்னு சொன்னேன்?” மெட்டுக்கு ‘ங்க’ இடித்திருக்கிறது, வெட்டிவிட்டார். அவள் மரியாதையாகச் சொன்னது பாட்டில் வேறு மாதிரி ஆகிவிட்டது. சிலர் அதைக் கொஞ்சலாக எடுத்துக்கொண்டார்கள். சிலர், ‘தின்னுட்டுத் தொலை’ என்று புருஷனை விரட்டிய பொம்பளையின் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். பாட்டில் காலியாக வரும் அந்த நாற்காலியைப் பற்றி அவள் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் பேசினாள். “காலியாவா இருந்துச்சு?” என்று என்னைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் ஊரில் நடக்க முடியவில்லை. ‘சாப்பிட்டுட்டுப் போங்க’ என்பது நம் வீடுகளில் யார் வந்தாலும் போகும்போது சொல்கிற வார்த்தை. வணக்கம் சொல்ல மறந்தாலும் அதைச் சொல்ல மறக்க மாட்டோம். அதை அக்கா சொன்னால் வந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மீன்காரன் பையை நீட்டும்போது அந்த மெட்டை முனகினான். பக்கத்து வீட்டு ஆன்டியின் பேத்தி, நர்சரிக்குப் போகிற குழந்தை, அக்காவைப் பார்த்ததும் கையைத் தட்டி அந்த வரியைப் பாடியது. பாவம், அதற்கு என்ன தெரியும்? அக்கா அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் அவள் அந்த வார்த்தையையே விட்டுவிட்டாள். யார் வந்தாலும் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினாள். எல்லாம் தாப்பாவ்தான். மாமா வந்தாலும் தாப்பாவ், சித்தி வந்தாலும் தாப்பாவ்.

விவாகரத்து ஆகிச் சில வருஷம் கழித்துக் காஜாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான மனுஷர். அக்காவுக்குப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும், அன்று அவள் இரண்டு தடவை சேலையை மாற்றினாள். அவர் தன் அக்காவோடு வந்திருந்தார். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. மேசையில் வாழை இலை போட்டுத் தயாராக இருந்தது. எழுந்து, ‘வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க’ என்று அக்கா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். உள்ளே போய் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு வந்து வாத்தியாருடைய அக்காவின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் தரகரிடம் அந்த அம்மா சொன்னாராம்: “வீட்டுக்கு வந்தவங்கள ஒரு வாய் சோறு போட்டு உட்கார வைக்கத் தெரியாதவளா நம்ம குடும்பத்துக்கு வரணும்?” நாங்கள் காரணத்தை விளக்கியிருக்கலாம். விளக்க வேண்டுமானால் பாட்டைச் சொல்ல வேண்டும். அக்கா வேண்டாம் என்றாள்.

அந்த வாரம் சனிக்கிழமை அவள் என்னைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். பாட்டுக்காரர் மேடைக்குப் பக்கத்தில் கித்தாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. உடனே சரி செய்துகொண்டார்.

“வா தங்கச்சி, குந்து. என்ன குடிக்கற?”

“அந்தப் பாட்ட நிறுத்துங்கன்னு சொல்ல வரல” என்றாள் அக்கா.

அவர் மூச்சு விட்டார். “நல்லது. அது இனிமே என் கையில இல்ல லா, ஜனங்க கையில இருக்கு.”

“போங்கன்னு சொன்னத போன்னு பாடுறீங்க. அதையும் விட்டுடறேன். அன்னைக்கு என் வீட்டுல அந்த நாற்காலியில குந்தி சாப்பிட்டது யாரு?”

அவர் சிரித்தார். “நான்தான். இல்லன்னு சொன்னேனா?”

“அதப் பாடுங்க.”

“ஆயோ, அது எப்படி? அந்தப் பாட்டே காலி நாற்காலியிலதான் நிக்குது. நான் போய் அதுல குந்திட்டா ஜனங்க சிரிப்பாங்க. அழ மாட்டாங்க.”

“சிரிக்கட்டுமே. இப்போ என்னப் பார்த்துச் சிரிக்கறாங்க. கொஞ்சம் உங்களப் பார்த்தும் சிரிக்கட்டும்.”

“தங்கச்சி, பாட்டு எழுதறவன் பாட்டுக்குள்ள வரக் கூடாது. என் வீட்டப் பத்தி நான் ஒரு பாட்டு எழுதியிருக்கேனா பாரு.” எழுதவில்லைதான். அவர் மனைவிக்கும் வாய் இருந்தது, கஷ்டமும் இருந்தது, ஊருக்கே தெரியும். “நான் என்ன பொய் சேர்த்தேன்? ஒரு சொல்லு காட்டு.”

“சேர்க்கல” என்றாள் அக்கா. “எடுத்துட்டீங்க.”

தொடைமேல் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி. அவர் அந்த வார்த்தையை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து மேடைக்குப் போனார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். “இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் கெஸ்ட் வந்திருக்காங்க. இந்தப் பாட்டு யாரோட கண்ணீர்ல பொறந்துச்சோ அந்தத் தங்கச்சி நம்மகூட இருக்காங்க” என்று கையை நீட்டினார். விளக்கை எங்கள் மேசைப் பக்கம் திருப்பினார்கள். இடம் முழுக்க எழுந்து நின்று பாடியது. ஒரு பொம்பளை வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். வெளியே போகிற வழி மேடையைத் தாண்டித்தான் இருந்தது. அதனால் கடைசி வரி வரைக்கும் அக்கா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் முதல் தடவையாக அவரை ‘அவன்’ என்றாள்.

போன வருஷம் அவர் செத்துப்போனார். தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்கு நான் போனேன். கூட்டம் நிறைய, ஆனால் சத்தம் இல்லை. பழக்கதோஷத்தில் யாரும் வாயைத் திறந்து அழவில்லை. பெட்டிக்குள் படுத்திருப்பவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்த மாதிரி இருந்தது.

சில மாதம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு சர்ச் மண்டபத்தில் அவருக்கு அஞ்சலி இசை இரவு வைத்தார்கள். அவரோடு இரண்டாவது கித்தார் வாசித்த டேனியல் அக்காவுக்கு போன் செய்தான்.

“ஆன்டி, நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். நீங்க இல்லாம அந்தப் பாட்டு இல்ல.”

அவள் போனைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். “வரேன்” என்றாள்.

அன்று அவள் நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள். “எல்லாரும் அவர் பாட்டுல பொய் இல்லன்னு சொல்றீங்க. அந்த நாற்காலி காலியா இல்ல. என் புருஷன் வெளிய வேன்ல இருந்தாரு. இவருதான் உள்ள வந்து குந்தினாரு. நண்டுக் கறி ஊத்திச் சாப்பிட்டாரு, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாரு. புளி தூக்கல்னு வேற சொன்னாரு. நான் ‘போ’ன்னும் சொல்லல, ‘போங்க’ன்னுதான் சொன்னேன். அவ்வளவுதான்.” மைக்கை டேனியலிடம் கொடுத்தாள்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் தடவையாக அந்தப் பாட்டை வைத்து அவளை விட்டுவிட்டு வேறொருவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா படியிறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் வேறு ஆளாக இருந்தாள். தீபாவளிக்கு வந்த எல்லாரையும் உட்கார வைத்தாள். அந்த வார்த்தையை வாசல் வரை கேட்கிற மாதிரி, ‘ங்க’வை ஓர் இழுப்பு இழுத்துச் சொன்னாள். காஜாங் வாத்தியாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒரு நாள் சும்மா கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள். ஆகிவிட்டது. நான் தெரியாது என்றேன்.

பொங்கல் நேரத்தில் டேனியல் அந்தப் பாட்டைப் புதிதாகப் பாடி வீடியோ போட்டான். கடைசியில் ஒரு சரணம் கூடுதலாக இருந்தது.

‘வாசலில் நின்ன கூட்டாளி நான், உள்ள வந்து குந்தினேன்,
வெக்கம் கெட்ட வயிறு எனக்கு, மறுசோறும் வாங்கினேன்;
சேர்க்கல நான் பொய் எதையும், எடுத்து மட்டும் வச்சேன்,
மன்னிச்சுக்கோ தங்கச்சி, இப்பத்தான் நான் சொன்னேன்.’

மூன்றாவது வரியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்குப் பிஸ்ட்ரோவில் அக்கா சொன்னதும் விரல் நின்ற இடம் அதுதான். டேனியலுக்கு போன் செய்தேன். “அந்தச் சரணம் யார் எழுதினது?”

“நான்தான் அக்கா. ஆன்டி ஸ்டேஜ்ல சொன்னத வச்சு எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் அங்கிள் அடிக்கடி வாயில முணுமுணுத்துட்டே இருப்பாரு, எதுக்குன்னு தெரியாது, அதையும் போட்டுட்டேன்.”

“அவர் மன்னிப்பு கேட்ட மாதிரில்ல இருக்கு?”

“இருந்துட்டுப் போகட்டுமே அக்கா. செத்தவருக்கு ஒரு மரியாதை. பாட்டு வரிகள்னு அவர் பேரத்தான் போட்டிருக்கேன்.”

பழைய வீடியோவை விட இது பெரிதாக ஓடியது. பந்தியில் அந்தச் சரணம் வரும்போது மறுசோறு கேட்கிறவர்கள் தட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அக்காவிடம் மறைக்க முடியவில்லை. ஒரு நாள் அவளே என் போனை வாங்கிப் பார்த்தாள். பாட்டைக் கேட்டு முடித்துவிட்டு, கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘தன் தப்பையும் மறைக்காமல் பாடிய மகான்.’ ‘தன்னையே விட்டுவைக்காத கலைஞன், இந்த மனசு யாருக்கு வரும்?’ ‘உண்மை பேசிய ஒரே பாட்டுக்காரர்.’ அவள் பெயரோ, அவள் மேடையில் பேசியதோ அதில் எங்கும் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்ட தங்கச்சியாக மட்டும்தான் அவள் தெரிந்தாள்.

“செத்தும் கொடுத்தவன் ஒருத்தனப் பத்தி ஸ்கூல்ல படிச்சோம், ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“இவன் செத்தும் என் கையாலதான் வாங்கித் திங்கறான்.”